எலி ஏன் லீவரை அழுத்துகிறது? நிக்கோட்டின் ஆய்வுகளைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் சித்தப்பா சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கிறார், லாரி ஓட்டுநர், முப்பது வருடமாகப் புகைப்பவர். போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது கைப்பேசியை நீட்டி, "ஏம்மா, எலியும் சிகரெட்டுக்கு அடிமையாகும்னு போட்டிருக்கான், எலி எங்கம்மா சிகரெட் குடிக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் இரண்டு ஆண்டு ஓர் ஆய்வகத்தில் உதவியாளராக எலிகளோடு வேலை பார்த்தவள், அதனால் அன்றைக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் விளக்கினேன். அதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பலதுறை தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது உதவும். பிள்ளையின் பையில் மின்சிகரெட்டைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் இணையத்தில் தேடுகிற பெற்றோருக்கும் உதவும். ஒரு நிக்கோட்டின் ஆய்வு கையில் கிடைத்தால் எதை முதலில் பார்ப்பது, எதை நம்புவது, எங்கே நின்று யோசிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பெட்டியை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள்

எலி சிகரெட் பிடிப்பதில்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் அதன் கழுத்துச் சிரையில் அறுவை சிகிச்சை செய்து மெல்லிய குழாய் ஒன்றை வைப்பார்கள், அதற்குக் கதீட்டர் என்று பெயர். குழாயின் மறுமுனை தோலுக்கடியில் போய் முதுகில் வெளியே வரும். எலியைச் சின்னப் பெட்டிக்குள் விட்டு, அந்த முனையை மேலே இருக்கிற பம்ப்போடு இணைப்பார்கள். பெட்டியின் சுவரில் இரண்டு லீவர்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி விளக்கு. ஒரு லீவரை அழுத்தினால் பம்ப் ஓடி, கொஞ்சம் நிக்கோட்டின் நேராக இரத்தத்தில் போகும், விளக்கு எரியும். இன்னொன்றை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அழுத்துவதா வேண்டாமா என்று எலிதான் தீர்மானிக்கிறது, ஆங்கிலத்தில் இதை செல்ஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்பார்கள், நான் "தானே ஏற்றிக்கொள்ளுதல்" என்று எழுதுகிறேன்.

எலிக்கு இரவுதான் பகல். அதனால் அறையின் நேரத்தையே தலைகீழாக மாற்றி வைப்பார்கள், நாங்கள் காலை ஒன்பது மணிக்கு மங்கலான சிவப்பு விளக்கில் வேலை செய்வோம். இருட்டில் அந்த லீவர் சத்தம், டக், டக், அப்புறம் பம்ப்பின் சின்ன முனகல், இப்போதும் காதில் இருக்கிறது.

கட்டுப்பாடின்றி நடமாடும் எலிகளுக்கு இப்படித் தானாகவே ஊசி மருந்து ஏறும் முறையை 1962இல் ஜேம்ஸ் வீக்ஸ் மார்ஃபினை வைத்துக் காட்டினார். நிக்கோட்டினில் அது சுலபமாக அமையவில்லை. 1981இல் ஸ்டீவன் கோல்ட்பெர்க் குழு அணில் குரங்குகளில் தெளிவாகக் காட்டியது. எலிகளில் நம்பகமான முறையாக அதை நிலைநிறுத்தியது 1989இல் கனடாவின் டொரோண்டோவில் வில்லியம் கோரிகலும் கேத்லீன் கோயனும் வெளியிட்ட ஆய்வு. அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த முறையின் பிள்ளைகள்தான்.

படி 2: குழாய் உண்மையிலேயே சிரையில்தான் இருந்ததா என்று தேடுங்கள்

செய்திக் கட்டுரைகள் இதைத் தொடவே தொடாது, ஆனால் ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இருக்க வேண்டும். கதீட்டர் அடைத்துக்கொள்ளும், கசியும், எலி கடித்துவிடும். அடைக்காமல் இருக்க தினமும் ஹெப்பரின் கலந்த உப்புநீர் செலுத்துவோம். வாரம் ஒருமுறையோ ஆய்வு முடிவிலோ, சில நொடிகளில் வேலை செய்யும் மயக்கமருந்து கொஞ்சம் குழாய் வழியே கொடுத்துப் பார்ப்போம். குழாய் சிரையில் இருந்தால் எலி மூன்று நான்கு நொடிக்குள் துவண்டுவிடும், சற்று நேரத்தில் எழுந்துவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு தடவை இரண்டு எலிகள் திடீரென்று லீவரை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. அந்த வாரம்தான் புது மருந்து ஒன்றைச் சோதிக்க ஆரம்பித்திருந்தோம், அதனால் எல்லோருக்கும் மகிழ்ச்சி, வரைபடம் அழகாகக் கீழே இறங்கியது. வெள்ளிக்கிழமை மயக்கமருந்துச் சோதனை செய்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, பத்து என்று எண்ணிக்கொண்டே போனேன், எலி என் கையில் இருந்தபடி மீசையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. குழாய் தோலுக்கடியில் கசிந்திருக்கிறது. அந்த இரண்டு எலிகளின் இரண்டு வார எண்கள் அனைத்தையும் தூக்கிப் போட்டோம். அதிலிருந்து எந்தக் கட்டுரையை எடுத்தாலும் "எத்தனை எலிகளைத் தொடங்கினார்கள், எத்தனை எலிகளோடு முடித்தார்கள், நடுவில் போனவை ஏன் போயின" என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

படி 3: டோஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

எலி ஆய்வுகளில் அதிகம் பார்க்கும் அளவு, ஒரு தடவைக்கு கிலோவுக்கு 0.03 மில்லிகிராம். 300 கிராம் எலி என்றால் 0.009 மில்லிகிராம். துளியூண்டுதானே என்று தோன்றும். ஒரு சிகரெட்டிலிருந்து மனித உடலில் சேரும் நிக்கோட்டின் சுமார் 1 மில்லிகிராம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். 70 கிலோ மனிதருக்கு அதை வகுத்தால் கிலோவுக்கு 0.014 வருகிறது. அப்படியானால் எலியின் ஓர் ஊசி என்பது எடைக்கு எடை பார்த்தால் ஒன்று முதல் இரண்டு சிகரெட், அதுவும் ஒரே மூச்சில். "ஒரு மணி நேரத்தில் எலி 15 தடவை ஏற்றிக்கொண்டது" என்று படித்தால் அதை 15 இழுப்பு என்று நினைக்கக்கூடாது. ஆனால் எலியின் உடல் நிக்கோட்டினை வேகமாக வெளியேற்றும், இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நேரம் போதும், மனிதருக்குச் சுமார் 2 மணி நேரம் ஆகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. பாட்டிலில் வருவது நிக்கோட்டின் டார்ட்ரேட் என்ற உப்பு. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நிக்கோட்டின். கட்டுரை சொல்லும் அளவு உப்பின் எடையா, உள்ளே இருக்கும் நிக்கோட்டினின் எடையா? இதைக் கவனிக்காமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிட்டால் மூன்று மடங்கு தவறு வரும்.

அடுத்தது எல்லோரையும் குழப்புவது. டோஸைக் கூட்டினால் எலி அதிகமாக அழுத்தும் என்று நினைப்போம், ஆனால் வரைபடம் கவிழ்த்துப் போட்ட கிண்ணம் மாதிரி இருக்கும். மிகக் குறைந்த டோஸில் எலி அக்கறை காட்டாது, நடுத்தர டோஸில் அதிகம் அழுத்தும், அதற்கு மேல் போகப் போகக் குறைத்துக்கொள்ளும், ஏனென்றால் குறைந்த தடவையிலேயே வேண்டியது கிடைத்துவிடுகிறது, அதோடு அதிக நிக்கோட்டின் உடம்புக்கு ஒவ்வாது. அதனால் ஒரே ஒரு டோஸில் "அழுத்துவது குறைந்தது" என்று காட்டும் ஆய்வை வைத்து ஆசை குறைந்ததா, போதும் என்று ஆனதா என்று சொல்லவே முடியாது. குறைந்தது மூன்று டோஸாவது இருக்கிறதா பாருங்கள்.

படி 4: எதோடு ஒப்பிட்டார்கள்?

எலி லீவரை அழுத்த நூறு காரணம் இருக்கலாம். நிக்கோட்டின் உடம்பைச் சுறுசுறுப்பாக்கும், சுறுசுறுப்பான எலி சுற்றிச் சுற்றி வந்து எதையும் அழுத்தும். அதற்குத்தான் ஒன்றும் தராத அந்த இரண்டாவது லீவர். இரண்டிலும் ஒரே அளவு அழுத்தல் என்றால் எலி நிக்கோட்டினைத் தேடவில்லை, சும்மா ஓடியாடுகிறது.

பிறகு உப்புநீர்க் குழு. இன்னொரு கூட்டம் எலிகளுக்கு எல்லாம் அதே மாதிரி, குழாயில் மட்டும் வெறும் உப்புநீர். அல்லது அதே எலிகளுக்கு நடுவில் நிக்கோட்டினை நிறுத்தி உப்புநீர் கொடுத்துப் பார்ப்பார்கள், அழுத்துவது நாளுக்கு நாள் இறங்க வேண்டும். மெக்கமைலமின் என்ற மருந்து, செல்களில் நிக்கோட்டின் போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகளை அடைக்கும், அதைக் கொடுத்தாலும் இறங்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பல ஆய்வகங்களில் எலிக்குத் தீனியைக் குறைத்து, லீவரை அழுத்தினால் தீனி உருண்டை வரும் என்று முதலில் பழக்குவார்கள், அப்புறம்தான் நிக்கோட்டின். இதில் நேரம் மிச்சம், ஆனால் முதல் சில நாட்களின் அழுத்தல் பழைய சாப்பாட்டு ஞாபகமா நிக்கோட்டினா என்று பிரிக்க முடியாது. பசித்த விலங்கு போதைப்பொருளையும் கூடுதலாக நாடும். தீனிப் பயிற்சி இல்லாமல் எலி தானாகக் கற்றுக்கொண்டது என்று இருந்தால் அந்த ஆய்வின் மேல் எனக்கு மதிப்பு கூடும்.

படி 5: விளக்கை விட்டுவிடாதீர்கள்

முதலில் சொன்னேனே, லீவர் மேல் ஒரு குட்டி விளக்கு என்று. எலி அழுத்தியதும் அது ஒரு நொடி எரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதை அலங்காரம் மாதிரி நினைத்திருந்தேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அந்தோணி காஜியூலா, எரிக் டோனி குழுவினர் 2000களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளைப் படித்த பிறகுதான் அந்த நினைப்பு மாறியது.

நன்றாகப் பழகிய எலிகளிடமிருந்து நிக்கோட்டினை எடுத்துவிட்டு விளக்கை மட்டும் விட்டு வைத்தார்கள். எலிகள் உடனே நிறுத்தவில்லை, மெதுவாகத்தான் குறைத்தன. மறுபக்கம் நிக்கோட்டினை அப்படியே கொடுத்து விளக்கை மட்டும் எடுத்தார்கள், அழுத்துவது நன்றாக இறங்கியது. நிக்கோட்டின் தாராளமாகக் கிடைக்கும்போதே! புதிய எலிகளுக்கு விளக்கில்லாமல் கற்றுக்கொள்வதே கடினமாக இருந்தது.

அடுத்து ஒரு படி மேலே போனார்கள். சில எலிகளுக்கு லீவரை அழுத்தினால் விளக்கு மட்டும்தான் வரும், நிக்கோட்டின் லீவரோடு தொடர்பே இல்லாமல் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். 2003இல் வெளியான அந்த ஆய்வில் இந்த எலிகளும் கிட்டத்தட்ட தானே ஏற்றிக்கொள்ளும் எலிகள் அளவுக்கு அழுத்தின. என்ன அர்த்தம்? நிக்கோட்டின் இரண்டு வேலை செய்கிறது. தானே ஒரு சின்ன இன்பமாக இருக்கிறது, அதைவிட முக்கியமாகச் சுற்றியுள்ள மற்றச் சின்னச் சின்ன இன்பங்களைத் தூக்கிக் காட்டுகிறது. எலிக்கு விளக்கு ஏற்கெனவே கொஞ்சம் பிடிக்கும், நிக்கோட்டின் அந்தக் கொஞ்சத்தை நிறைய ஆக்கிவிடுகிறது.

இதைச் சொன்னதும் சித்தப்பா முறுக்கைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் நிக்கோட்டின் பட்டை ஒட்டிக்கொண்டு நிறுத்திப் பார்த்தவர் அவர். "பட்டை கையில இருக்கும்மா, உடம்புக்கு வேணும்னு தோணல, ஆனா காப்பிக்கடையில அந்த மூலையில உக்காந்து கோப்பி ஓ வந்ததும் கை தானா சட்டைப்பையைத் தடவுது" என்றார். கோப்பி ஓ என்றால் பால் சேர்க்காத காப்பி. பட்டை கொடுத்தது நிக்கோட்டினை மட்டும். லைட்டர் சத்தம், அந்த மூலை, கூட உட்காரும் நண்பர், கோப்பியின் கசப்பு எல்லாம் அவருடைய விளக்குகள். நிக்கோட்டின் கிட்டத்தட்ட இல்லாத சிகரெட்டை மனிதர்களுக்குக் கொடுத்த ஆய்வுகளிலும், அது அந்த நேரத்து ஏக்கத்தைக் கணிசமாகத் தணித்தது.

சிங்கப்பூரில் 2017 ஆகஸ்டிலிருந்து கடைகளில் சிகரெட்டைக் கண்ணில் படும்படி அடுக்கக்கூடாது, 2020 ஜூலையிலிருந்து எல்லாப் பெட்டியும் ஒரே மங்கிய பழுப்பு நிறம், சின்னம் கிடையாது. 2013இலேயே வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் பொது நடைபாதையிலும் புகைக்கத் தடை வந்துவிட்டது. பிறர் மேல் புகை படாமல் காப்பது, பிள்ளைகளை ஈர்க்காமல் இருப்பது என்று இவற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் எலியின் விளக்கைப் பார்த்த கண்ணோடு பார்த்தால், வழக்கமாகப் புகைப்பவரின் விளக்குகளில் சிலவும் அணைந்திருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதனால் எந்த ஆய்வைப் படித்தாலும் கேளுங்கள்: விளக்கோ ஒலியோ இருந்ததா, எத்தனை நொடி, விளக்கு மட்டும் கிடைத்த குழு ஒன்று இருந்ததா? அந்தக் குழு இல்லையென்றால் முடிவில் எவ்வளவு நிக்கோட்டின், எவ்வளவு விளக்கு என்று பிரிக்க வழியில்லை.

படி 6: எவ்வளவு உழைக்கிறது, எப்போது திரும்பி வருகிறது

எத்தனை தடவை ஏற்றிக்கொண்டது என்ற எண் ஆசையின் ஆழத்தைச் சொல்லாது. அதற்கு விலையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். முதல் ஊசிக்கு 1 அழுத்தல், பிறகு 2, 4, 6, 9, 12, 15, 20, 25 என்று ஏறும். எலி எந்த இடத்தில் "இதற்கு மேல் முடியாது" என்று விடுகிறதோ அதுதான் முறிவுப் புள்ளி. ஒரு புது மருந்து முறிவுப் புள்ளியைக் குறைத்தது என்றால் கவனித்துப் படியுங்கள், ஆனால் அதே மருந்து தீனிக்காக அழுத்துவதையும் குறைத்ததா என்று பாருங்கள். குறைத்திருந்தால் எலி வெறுமனே தூங்கி வழிந்திருக்கலாம்.

திரும்பி வருவதையும் இப்படி அளக்கலாம். நிக்கோட்டினையும் விளக்கையும் எடுத்துவிட்டு எலி அழுத்துவதை விடும்வரை நாள்கணக்கில் காத்திருப்பார்கள். அப்புறம் ஒரு நாள் விளக்கை மட்டும் மீண்டும் எரிய வைப்பார்கள். குழாயில் நிக்கோட்டின் இல்லை, இருந்தும் எலி லீவருக்கு ஓடும். மன அழுத்தமும் இதையே செய்யும்.

படி 7: மூளைப் பகுதி

இங்கே பலர் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மூன்று விஷயம் தெரிந்தால் போதும். மூளையில் நிக்கோட்டின் ஒட்டும் ஏற்பிகள் பல துண்டுகளால் ஆனவை. பீட்டா-2 என்ற துண்டு இல்லாமல் உருவாக்கிய சுண்டெலிகள் நிக்கோட்டினைத் தேடுவதில்லை என்று 1998இல் மரினா பிச்சியோட்டோவும் சகாக்களும் காட்டினார்கள். 2005இல் வேறொரு குழு, இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமினைச் சுரக்கும் செல்கள் இருக்கும் நடுமூளைப் பகுதியில் மட்டும் அந்தத் துண்டைத் திருப்பி வைத்தது, நாட்டம் திரும்பி வந்தது. மூன்றாவது, ஆல்ஃபா-5. 2011இல் பால் கென்னி ஆய்வகம் வெளியிட்டபடி, ஆல்ஃபா-5 இல்லாத சுண்டெலிகளுக்கு "போதும்" என்ற சமிக்ஞை சரியாக வரவில்லை, அதிக டோஸிலும் ஏற்றிக்கொண்டே போயின. மனிதர்களில் இதே மரபணுவின் ஒரு மாற்று வடிவம் அதிகம் புகைப்பதோடு தொடர்புடையது என்று முன்பே தெரிந்திருந்தது. சிலரால் ஒரு நாளைக்கு மூன்றோடு நிறுத்த முடிகிறது, சிலரால் முடிவதில்லை என்றால் அதில் மன உறுதிக்கு வெளியே இருக்கும் பங்கும் உண்டு.

புகைப்பதை நிறுத்த உதவும் வரெனிக்ளின் மாத்திரையும் பீட்டா-2 உள்ள ஏற்பியைக் குறிவைத்து வந்ததுதான். ஏற்பியில் ஒட்டி அரைகுறையாக மட்டும் தூண்டும், நிக்கோட்டினுக்கு இடம் விடாது. எலிகளில் அழுத்துவதைக் குறைத்தது, 2006இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

படி 8: எலியிலிருந்து மனிதருக்குப் பாலம் எவ்வளவு தூரம் தாங்கும்?

புகையிலைப் புகையில் நிக்கோட்டின் மட்டும் இல்லை. புகைப்பவர்களின் மூளையில், டோபமினைச் சிதைக்கும் எம்ஏஓ-பி என்ற நொதி சுமார் 40 விழுக்காடு குறைவாக இருப்பதை 1996இல் ஜோவன்னா ஃபவுலர் குழு படம்பிடித்தது, அது புகையின் மற்றப் பொருள்களால் வருவது. அந்த நொதிக் குடும்பத்தைத் தடுக்கும் மருந்தை எலிக்குக் கொடுத்தால் நிக்கோட்டினுக்காக அது பல மடங்கு அதிகம் உழைக்கிறது. சுத்தமான நிக்கோட்டினை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வு சிகரெட்டின் பிடியைக் குறைத்தே காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பாருங்கள். பிறந்து 28 முதல் 42 நாள் வரையிலான எலி ஏறத்தாழ பதின்ம வயதுப் பிள்ளை மாதிரி. அந்த வயதில் தொடங்கிய பெண் எலிகள், வளர்ந்த பிறகு தொடங்கியவற்றைவிட அதிகம் ஏற்றிக்கொண்டதை 2003இல் எட்வர்ட் லெவின் குழு காட்டியது. இங்கே 2021 ஜனவரியிலிருந்து 21 வயதுக்குக் கீழ் சிகரெட் வாங்க முடியாது. மின்சிகரெட்டை வைத்திருப்பதே 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம். பழைய ஆய்வுகள் பலவற்றில் ஆண் எலிகள் மட்டும்தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சிகரெட்டைப் பற்றிய ஆய்வு என்று தலைப்பு சொன்னால், நிக்கோட்டின் சிரைவழி போனதா ஆவியாகவா என்று உடனே தேடுங்கள். ஆவி என்றால் எலியே வரவழைத்ததா, பெட்டியில் அடைத்துவைத்துச் சுவாசிக்க வைத்தார்களா? இரண்டாவது நுரையீரலைப் பற்றிச் சொல்லும், நாட்டத்தைப் பற்றிச் சொல்லாது.

படி 9: யார் காசு, யார் கையில் சாவி

1980களின் தொடக்கத்தில் பிலிப் மாரிஸ் என்ற அமெரிக்க சிகரெட் நிறுவனத்தின் ரிச்மண்ட் ஆய்வகத்தில் விக்டர் டெநோபிள், பால் மீலி என்ற இருவர், எலிகள் நிக்கோட்டினுக்காக லீவரை அழுத்துவதைக் கண்டுபிடித்தார்கள். 1983இல் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினார்கள், ஏற்றுக்கொள்ளப்பட்டது, பிறகு நிறுவனம் திரும்பப் பெறச் சொன்னது. 1984 ஏப்ரலில் ஆய்வகமே மூடப்பட்டது. பத்து ஆண்டு கழித்து, 1994 ஏப்ரல் 14 அன்று ஏழு புகையிலை நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நிக்கோட்டின் அடிமைப்படுத்துவது இல்லை என்று நம்புவதாகச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் டெநோபிள் அதே குழு முன் வந்து எலிகளைப் பற்றிப் பேசினார். நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கட்டுரையின் கடைசியில் நிதி யார் தந்தது என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படிக்காமல் மூடாதீர்கள்.

படி 10: எலிகளுக்கு என்ன ஆகிறது

இந்தக் கேள்வியைத் தவிர்க்க எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் 2004இலிருந்து விதிகள் இருக்கின்றன, ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்தையும் நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு முன்கூட்டியே ஏற்க வேண்டும். அதில் கால்நடை மருத்துவர் இருப்பார், விஞ்ஞானி அல்லாதவர் இருப்பார், நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரும் இருப்பார். 2019 ஏப்ரலிலிருந்து உரிமம் வழங்குவதும் சோதனையிடுவதும் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் வரும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவின் பொறுப்பு. விலங்கு இல்லாமல் முடியுமா, குறைந்த எண்ணிக்கையில் முடியுமா, வலியைக் குறைக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் திட்டத்தில் பதில் இருக்க வேண்டும். 1959இல் ரஸலும் பர்ச்சும் வகுத்தவை அவை. ஆய்வு முடிந்ததும் எலிகள் பெரும்பாலும் வலியின்றிக் கொல்லப்படும். அதனால்தான் கதீட்டரைச் சரிபார்க்காமல், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் செய்த ஆய்வைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. அந்த எலிகள் வீணாகப் போயின.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை பட்டையோடு சேர்த்து விளக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம் என்று பேசிக்கொண்டோம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஐ குவிட்' திட்டத்தில் பெயர் கொடுத்தார். லைட்டரை என்னிடம் தந்துவிட்டார். கோப்பி ஓவை விட மனமில்லை, அதனால் அதைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வேறு புளோக்கின் கீழே, சதுரங்க மேசைப் பக்கம் போய்க் குடிக்கிறார். முதல் வாரம் கை சட்டைப்பைக்குப் போய்க்கொண்டே இருந்ததாம். நேற்று அழைத்துப் பேசியபோது, ஒரு நாளைக்குக் கை எத்தனை தடவை போகிறது என்று லாரியில் இருக்கும் நோட்டில் குறித்து வைப்பதாகச் சொன்னார், திங்கட்கிழமை 31, வியாழக்கிழமை 19.